கோட்டு வராத வகுப்பு

திருவனந்தபுரத்தில் ஒரு இதய மருத்துவமனையில் பிசிஷியன் அசிஸ்டென்டாக வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. வீட்டுக்குக் கிளம்பத் தயாராக இருந்த தக்கலைக்கார அம்மா ஒருவருக்கு, எந்த மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்ன எல்லாவற்றுக்கும் வெறுமனே தலையாட்டியவர், நான் வாயைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ நம்ம ஊராட்டி மக்ளே?"

"ஆமா, நாகர்கோவிலு."

"அப்ப ஒனக்கிட்ட சொல்லலாம். மல்லாந்து படுத்தா எனக்கு மூச்சு முட்டுது. டாக்டருகிட்ட சொல்லேல்ல."

"ஏன் சொல்லல்ல?"

"அவரு நிக்கணுமில்லியா? நான் வாயத் தொறக்கதுக்குள்ள அடுத்த கட்டிலுக்குப் போயிருவாரு."

டாக்டரைத் திரும்ப அந்தக் கட்டிலுக்கு அழைத்து வந்து விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் நிற்காத இடத்தில் நிற்பதுதான் எங்கள் வேலை. நோயாளி சொல்வதை முழுக்கக் கேட்டு, உடம்பைப் பரிசோதித்து, டாக்டரிடம் சுருக்கிச் சொல்லி, அவர் முடிவெடுத்த பிறகு நோயாளிக்குப் புரியவைக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் எந்த முக்கில் திரும்பினாலும் ஒரு நர்சிங் கல்லூரி உண்டு. இரண்டு நர்சிங் கல்லூரிக்கு நடுவில் ஓர் இன்ஜினியரிங் கல்லூரி இருக்கும். இந்த வேலைக்கான முதுநிலைப் படிப்பை மட்டும் நான் சென்னைக்குப் போய்ப் படிக்க வேண்டியிருந்தது. அதை ஊரிலேயே தொடங்கினால் என்ன? கட்டிலருகே நின்றபடியே பாடத்திட்டத்தில் பாதியை மனதுக்குள் எழுதிவிட்டேன். எனக்கு எதுவுமே மெதுவாகத் தோன்றாது.

அப்பாவுக்குத் தெரிந்த ஒரு தாளாளரைப் போய்ப் பார்த்தேன். தக்கலைக்குப் பக்கத்தில் சொந்தக் கல்லூரியும் அதை ஒட்டிச் சொந்த ஆஸ்பத்திரியும் வைத்திருப்பவர். அரை மணி நேரம் மூச்சுவிடாமல் பேசினேன். அவர் இரண்டே கேள்வி கேட்டார்.

"ஜில்லாவுல வேற எவனாவது தொடங்கிட்டானா?"

"இல்ல சார்."

"படிச்சு முடிச்சா பேருக்கு முன்னால டாக்டர்னு போடலாமா?"

"போடக்கூடாது சார்."

முகம் கொஞ்சம் வாடியது. "செரி, அத பொறவு பாத்துக்கிடலாம்."

நானும் ஒன்றே ஒன்று கேட்டேன். முதல் வாரத்திலிருந்தே மாணவர்கள் வார்டுக்குள் போக வேண்டும். நோயாளியைத் தொடாமல் இந்தப் படிப்பு வராது. "வார்டு நமக்க வார்டுதான மக்ளே" என்றார். அந்த வாக்கை நம்பித் திருவனந்தபுரம் வேலையை விட்டேன்.

தொடக்க விழாவுக்கு நெடுஞ்சாலையிலிருந்து கல்லூரி வாசல் வரை பிளெக்ஸ் கட்டினார்கள். தாளாளரின் பல் தெரிந்த அளவுக்குப் படிப்பின் பெயர் தெரியவில்லை. சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற ஒரு டாக்டர். இந்தப் படிப்பு என்னவென்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை; அவரும் கேட்டிருக்கவில்லை. கடைசியில், "வருங்காலச் செவிலியர்களுக்கு என் ஆசிகள்" என்று முடித்தார். மேடையில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். திருத்துவதற்கு நேரமில்லை, பொன்னாடைகள் காத்திருந்தன.

பயிற்சிக்காக வாங்கிய பிளாஸ்டிக் உடல் ஒன்றை மேடையில் கிடத்தியிருந்தார்கள். புதிதாக வாங்கிய எதற்கும் பூஜை போட்டாக வேண்டுமே! அதன் நெற்றியில் சந்தனம் வைத்து, கழுத்தில் ரோஜா மாலையைப் போட்டு, காலடியில் குத்துவிளக்கை ஏற்றினார்கள். முதல் வரிசையில் இருந்த ஒரு மாணவியின் அம்மா, பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்: "எப்ப எடுக்காவளாம்?" விழாவில் எனக்குப் புரிந்த ஒரே பேச்சு அதுதான்.

மறுநாள் மாணவர்களை அழைத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தினார்கள். எந்தக் கோட்டு போடுவது என்று முடிவாகவில்லையாம்.

அதற்குப் பிறகு நாள்கணக்கில் கூட்டங்கள் நடந்தன. முழங்கால் வரை நீளமான வெள்ளைக் கோட்டு டாக்டர்களுடையது, அதைக் கொடுக்க முடியாது என்றார்கள் ஆஸ்பத்திரி டாக்டர்கள். நீலம் என்றால் லேப்காரர்கள் போடுகிறார்கள். பச்சை ஆபரேஷன் தியேட்டருக்கு. சாம்பல் நிறம் துப்புரவுப் பணியாளர்களுக்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. எலும்பு டாக்டர் ஒருவர் எழுந்து நின்று தன் இடுப்பில் கையை வைத்து, "இதுக்குக் கீழ ஒரு இஞ்சு வரக்கூடாது" என்றார். எலும்பு முறிவைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு துல்லியமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போடலாமா, பைக்குள்தான் வைக்க வேண்டுமா என்று இன்னொரு நாள் முழுக்கப் பேசினார்கள். மாணவர்கள் எதைக் கற்றுக்கொள்வார்கள் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. வளைகுடாவிலிருந்து திரும்பிய, ஒரு மாணவனின் அப்பா மட்டும் என்னைத் தனியாகப் பிடித்து விசாரித்தார்: "கோட்டு கெடக்கட்டும் மேடம். ஆளுவ எங்க பயல சாருன்னு கூப்பிடுவாவளா, டாக்டர்னு கூப்பிடுவாவளா?"

பால் நிறத்தில் அரைக்கை வைத்து இடுப்போடு நிற்கிற கோட்டு என்று ஒருவழியாக முடிவானது. தையல்காரர் தைத்துத் தரும் வரை வார்டு கிடையாது.

வகுப்பறையில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் வீடியோக்களைப் பார்த்தோம். நெஞ்சைத் தட்டிப் பார்க்கிற பரிசோதனைக்கு டெஸ்க்கைத் தட்டினோம். வகுப்பில் வாய் நீளமான ஒரு பெண், டெஸ்க்கில் காதை வைத்துவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு பக்கமும் காத்து நல்லா போகுது மேடம். டெஸ்க்க டிஸ்சார்ஜ் பண்ணிருவமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருடம் இப்படியே போனால் இவர்கள் பட்டத்தை வாங்கிக்கொண்டு எங்கேயோ ஒரு வார்டில் போய் நிற்பார்கள். அங்கே மூச்சு முட்டுகிறவர் இவர்களுக்கு முன்னால் கிடப்பார்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் பார்வையாளர் நேரத்துக்காகச் சங்கிலியைக் கழற்றினார்கள். எங்கள் ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் போய்ப் பார்க்காமல் இருப்பது பெரிய குற்றம். வரப்புச் சண்டை போட்டவன்கூட ஆரஞ்சுப் பையோடு வந்துவிடுவான். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ரொட்டியுமாக ஒரு கட்டிலுக்கு எட்டுப் பேர். நீ யார், எவருக்கு என்ன உறவு என்று காவலாளி கேட்பதில்லை. செருப்பைக் கழற்றச் சொல்வதோடு சரி. இந்த வழியாகப் போனால் கோட்டு எதற்கு?

மாணவர்களிடம் சொன்னேன்: "சொந்த உடுப்பிலயே போங்க. படிக்கிற பிள்ளைகள்னு மொதல்லயே சொல்லிருங்க. பேச இஷ்டமான்னு கேளுங்க. வேண்டாம்னா வந்துருங்க. தொடக்கூடாது, வைத்தியம் சொல்லக்கூடாது. அவங்க பேசி முடிக்கிற வரை கேக்கணும், அவ்வளவுதான்."

முதல் நாள் படுமோசம். பாதிப் பேர் போலீஸ் ஸ்டேஷனில் விசாரிப்பது போல விசாரித்துவிட்டு வந்தார்கள். வாய் நீளமானவள் வெறுங்கையோடு வந்தாள். "நோய் ஒண்ணும் பிடிகிட்டல்ல மேடம். எனக்கு ஒரு வரன் வந்திருக்கு. பையன் பேங்குல வேலையாம்." ஆனால் ஒரு வாரத்துக்குள் அவர்களுக்குக் கேட்கத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் குழித்துறைக்காரப் பெரியவர் ஒருவர் தலைசுற்றி விழுந்து வந்து படுத்திருந்தார். ரத்தம், ஈ.சி.ஜி. என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. மூளை ஸ்கேனுக்கு மறுநாள் குறித்திருந்தார்கள். வாய் நீளமானவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகன் துபாயில் இருப்பது, ரப்பர் விலை, மருமகளின் சமையல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டிருக்கிறாள். கடைசியில் பெரியவர் தலையணைக்கு அடியிலிருந்து இரண்டு மாத்திரை அட்டைகள் இருந்த ஒரு கவரை எடுத்தார்.

"இது இங்கத்த டாக்டரு எழுதித் தந்த பிரஷர் குளிக. இது மவன் கொடுத்து விட்டது. அதுவும் பிரஷருக்குத்தான்."

"ரெண்டையுமா திங்கிறீங்க?"

"பின்ன? வெலகூடிய குளிகயாக்கும். வீசிர முடியுமா?"

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"கேட்டாத்தான காட்டுவேன்."

கம்பெனிகள் வேறு, பெயர்கள் வேறு, உள்ளே இருக்கிற மருந்து ஒன்றே. பெரியவரிடம் கேட்டு அட்டைகளை வாங்கிக்கொண்டு ஓடி வந்தாள். அவளையும் கூட்டிக்கொண்டு நான் டியூட்டி டாக்டரிடம் போனேன். அவருக்கு என் வயதுதான் இருக்கும். அட்டைகளைப் பார்க்காமல் அவளுடைய சுடிதாரைப் பார்த்தார்.

"இவங்க யாரு? எப்படி உள்ள வந்தாங்க?"

"பார்வையாளரா வந்தா. நம்ம ஸ்டூடன்ட்."

"ஸ்டூடன்ட்னா கோட்டு எங்க?"

"சார், அந்தப் பெரியவரு ஒரே மருந்த ரெண்டு மடங்கு தின்னுட்டிருக்காரு. பிரஷர் எறங்கித்தான் விழுந்திருக்காரு. மொதல்ல இதப் பாருங்க."

பார்த்தார். ஒரு மாத்திரையை நிறுத்தி எழுதினார், ஸ்கேன் குறித்திருந்ததையும் அடித்துவிட்டார். பேனாவை மூடியதும், "இருந்தாலும் இது முறையில்ல" என்றார். இரண்டாம் நாள் பெரியவர் யாரையும் பிடிக்காமல் எழுந்து நடந்தார். அதற்குள் டாக்டரின் புகார் தாளாளரின் மேசைக்குப் போய்விட்டது.

"ஒனக்கு என்ன வெப்ராளம்? கோட்டு வார வரைக்கும் பொறுக்க முடியாதா?" என்றார் தாளாளர். "பிள்ளையள களவா உள்ள கேத்தி விட்டிருக்க!"

"களவு ஒண்ணுமில்ல சார். ஊரே போற வாசல்வழிதான் போனாவ. யாருன்னு சொல்லிட்டுத்தான் பேசினாவ."

"டாக்டர்மாரு கோவிச்சா ஆஸ்பத்திரிய நீ நடத்துவியா?"

"அந்தப் பெரியவரு இப்ப எழும்பி நடக்காரே சார்."

"நடந்து வீட்டுக்குப் போவாரு. டாக்டரு இங்கதான இருப்பாரு?"

இவ்வளவு பச்சையாகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவருக்கும் அதில் வெட்கம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்த பேச்சிலேயே எனக்கு டீ சொன்னார்.

கல்லூரி மாணவர்களுக்குப் பார்வையாளர் நேரத்தில் அனுமதி இல்லை என்று வாசலில் அறிவிப்புத் தொங்கியது. அதே வாரம் கோட்டுகளும் வந்தன. வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். வார்டும் திறந்தது. தினமும் அரை மணி நேரம் தூரத்துச் சுவரோரமாக நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது. முதல் நாள் நின்றுவிட்டு வந்த வாய் நீளமானவள், "சம்பளமில்லாத கோட்டு ஸ்டாண்டு மேடம்" என்றாள். பிறகு அவளே, "இப்படி நின்னா நான் என்னத்தப் படிப்பேன்?" என்று கேட்டாள். அப்போது அவள் முகத்தில் கேலி இல்லை.

அவள் கேட்ட பிறகு நான் சும்மா இருப்பது எப்படி? ஆரல்வாய்மொழிப் பக்கம் ஓர் அரசு சுகாதார நிலையத்து டாக்டரம்மாவின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். போனில் காற்று இரைந்தது. நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் கேட்டார்: "பிள்ளைகளுக்கு பிரஷர் பாக்கத் தெரியுமா?"

"பிரஷர் பாப்பாவ மேடம். சக்கரை பாக்க ரெண்டு நாள்ல பழக்கிருவேன்."

"வியாழக்கிழம சக்கரை, பிரஷர்காரங்களோட கூட்டம் என்னால தாங்க முடியல. நாகர்கோவில்ல மேலதிகாரிகிட்ட அனுமதி வாங்கிட்டு வாங்க. வாங்கினா எனக்கு எத்தன பேர் வந்தாலும் காணாது."

திங்கட்கிழமை காலை அலுவலகம் திறக்கும்போது நாகர்கோவிலில் இருப்பேன். அந்த அதிகாரி என்ன சொல்வாரோ தெரியாது. கல்லூரி சம்மதித்ததா என்று கேட்டால் இன்னும் கேட்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அன்று மத்தியானமே தாளாளரிடமும் போய்க் கேட்பேன். அவர் மறுத்தால் வேலையை விடுவதா, வியாழக்கிழமை விடுப்பெடுத்து வர விருப்பமுள்ளவர்களை மட்டும் அழைத்துக்கொண்டு போக வழியுண்டா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை சும்மா இருக்கப்போவதில்லை. இன்று வகுப்பில் ஒருவர் விரலில் ஒருவர் குத்தி சர்க்கரை பார்க்கப் பழகுகிறோம். வாய் நீளமானவள் முதல் விரலாக என் விரலைக் கேட்டிருக்கிறாள்.