ஐந்து மீட்டருக்கும் ஒரே முகம்

பழைய காருக்கு மீட்டர் மாட்டிக் கொடுக்கிற தொழிலில், எஞ்சினைப் பற்றிக் கேட்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை. முகம் எப்படி இருக்கிறது என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். தையல்காரர்களே, முடிவெட்டுகிறவர்களே, கல்யாணத் தரகர்களே, இந்த வேதனை உங்களுக்குச் சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். ஜப்பான்காரன் சிங்கப்பூருக்குள் வருவதற்குச் சில வருஷம் முன்பு, தேக்கா சந்தைக்குப் பின்னால் செய்யது பாய் நடத்திய கார் பட்டறையில் நான் வேலை பார்த்தபோது நடந்தவை இவை.

சிவப்புக் காரின் முதல் தரிசனம்

காண்ட்ராக்டர் நாகலிங்கம் காதில் பென்சிலும் வாயில் சுருட்டுமாக ஒரு சிவப்பு ரேஸ் காரில் வந்து இறங்கினார். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருவரிடம் வாங்கியது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் மூடியைத் தூக்கினால் இன்னொருவர் ஒடுங்கிக்கொள்ளலாம். டாஷ்போர்டில் ஐந்து வட்டம். எஞ்சின் சுற்றுக்கும் கரண்டுக்கும் கருப்பு முகத்தில் வெள்ளை எழுத்து. லட்சணமான ஜோடி, ஆனால் இரண்டும் செத்துப்போய் வெகுகாலம். வேகம் காட்டுவதற்கு வெள்ளை முகம். ஆயிலுக்கு யாரோ மஞ்சளில் ஒன்றை மாட்டியிருந்தார்கள். பெட்ரோலுக்கு வெறும் ஓட்டை.

செம்பவாங்கில் கப்பல் தளம் கட்டுகிற இடத்துக்குச் சிராங்கூன் ரோட்டிலிருந்து ஆள் ஏற்றிப்போக நாகலிங்கம் ஒரு லாரி விட்டுக்கொண்டிருந்தார். இனிமேல் எல்லா லாரியையும் ஒரே காண்ட்ராக்டரிடம் விடப் போகிறார்களாம். யாரிடம் என்று முடிவு செய்யும் எஞ்சினியர் துரை ஒரு கார் பைத்தியம். சொந்தக் காரை ஒழுங்காக வைத்திருப்பவன் லாரியையும் ஒழுங்காக வைத்திருப்பான் என்பது அவர் எண்ணம். திங்கட்கிழமை காலை நாகலிங்கத்தின் இந்தக் காரிலேயே வேலைக்கு வருகிறேன் என்று துரை சொல்லிவிட்டார்.

நான் எஞ்சின் மூடியைத் தூக்கப் போனேன். நாகலிங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எஞ்சின் கெடக்கட்டும் தம்பி, அத யாரு தெறந்து பாக்கப் போறா? அஞ்சும் ஒரே மூஞ்சியா இருக்கணும், அவ்வளவுதான்."

கருப்பு கேட்டவருக்குக் கருப்பு

சுங்கை ரோட்டுப் பழைய சாமான் கடைகளுக்கு நான் தனியாகப் போயிருந்தால் அரை மணியில் வேலை முடிந்திருக்கும். நாகலிங்கமும் கூட வந்தார். கருப்பாக எதைப் பார்த்தாலும் மனுஷன் பாய்ந்து எடுத்தார். கடைசியில் ஒரு சீனர் கடையில், பெட்ரோல் ஓட்டைக்கு அளவெடுத்த மாதிரி ஒரு கருப்பு மீட்டர் கிடைத்தது. முகத்தைத் தடவிப் பார்த்து, அங்கேயே கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

பட்டறைக்கு வந்து துடைத்துப் பார்த்தால் அது பாய்லரில் நீராவி அழுத்தம் பார்க்கிற மீட்டர். பெட்ரோல் டாங்கியில் நீராவி காய்ச்சினால் ஒழிய முள் அசையாது. நான் திரும்பப் போய்க் கடைக்காரரிடம் சண்டை பிடித்தேன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே மலாயில் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன். "கருப்பு கேட்டாரு, கருப்பு குடுத்தேன். வேலை செய்யுமான்னு அவரு கேக்கவே இல்லியே லா."

எண்பதில் பறந்த கதை

பாய்லர் மீட்டரையே பெட்ரோல் ஓட்டையில் மாட்டச் சொல்லிவிட்டார் நாகலிங்கம். வேகம் காட்டுகிற மீட்டர் நல்லதாகவே கிடைத்தது. கருப்பு முகம், வேலையும் செய்தது. ஒரே ஒரு கோளாறு, அது பிரெஞ்சு வண்டியில் இருந்து கழற்றியது. மைல் கணக்கு இல்லை, கிலோமீட்டர் கணக்கு. நான் சொல்வதற்கு முன்பே நாகலிங்கம் புக்கிட் தீமா ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, தலைமுடி கலைந்து, முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். எண்பதைத் தொட்டாராம்.

"அது எண்பது மைல் இல்லீங்க, ஐம்பதுதான்" என்று விளக்கினேன். ஆண் குழந்தை என்று தப்பாகச் சொல்லிவிட்டுப் பிறகு பெண் என்று யாரோ திருத்தியது போல அவர் முகம் விழுந்தது. பிறகு முகத்தில் எழுதியிருந்த அந்தப் பிரெஞ்சு எழுத்துகளைக் கருப்பு மை வைத்து அழித்துவிடச் சொன்னார். "எம்பதுக்குன்னு ஒரு மரியாத இருக்கு தம்பி. அத எதுக்கு நாமளே கெடுக்கணும்?"

கைக்குட்டைக்குள் வந்த ஆயில் மீட்டர்

ஆயிலுக்கு மட்டும் ஜோடி அகப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாகலிங்கம் கைக்குட்டையில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். பிரித்தால் ஆயில் மீட்டர். அதே கருப்பு, அதே எழுத்து, அதே வளையம், கூடப் பிறந்த மாதிரி. எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். சும்மா கிடந்தது என்றார். சும்மா கிடந்த மீட்டரில் புது ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் நாற்பதுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு புள்ளி வேறு. சுரண்டினால் கண்ணாடியில் கோடு விழும் என்று அதை அப்படியே விட்டேன். மாட்டி எஞ்சினை முடுக்கியதும் முள் ஒழுங்காக எழுந்து நின்றது.

எனக்கு மனசு கேட்கவில்லை. செய்யது பாயைத் தனியாகக் கூப்பிட்டு, இது ஓடுகிற வண்டியில் இருந்து பிடுங்கியது மாதிரி இருக்கிறது என்றேன். பாய்க்கு எப்படியாவது அந்தக் கார் பட்டறையை விட்டுப் போனால் போதும். "ஜோடி சேந்துருச்சா? சேந்துருச்சு. பொண்ணு எந்த ஊருன்னு இப்பப் போயி கேக்காதே."

ரேஸ் புள்ளி

திங்கட்கிழமை காலை துரை முன்னால் ஏறிக்கொண்டார். வழியில் எதற்கும் இருக்கட்டும் என்று என்னைப் பின்பக்கப் பொந்தில் திணித்திருந்தார்கள். துரை டாஷ்போர்டைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தார். ஐந்தும் ஒரே முகம்! மீட்டர் அறுபது காட்டும்போது, ஏழு பேர் உட்காரும் கொசு பஸ் ஒன்று எங்களைச் சாவகாசமாக முந்திக்கொண்டு போனது. துரை பஸ்ஸைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார். பிறகு ஆயில் மீட்டரில் இருந்த வெள்ளைப் புள்ளி என்னவென்று கேட்டார். நாகலிங்கம் கண் இமைக்காமல், "ரேஸ் மார்க் சார்" என்றார்.

ரப்பர் தோட்டங்களைத் தாண்டியதும் ரோட்டோரத்தில் ஒரு லாரி நின்றது. நாகலிங்கத்தின் லாரிதான். ஆட்களெல்லாம் இறங்கிப் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் மலையாண்டி இடுப்பு முதல் பாதம் வரை ஆயிலில் குளித்திருந்தார். துரை காரை நிறுத்தச் சொல்லி, நேராகப் போய் லாரிக்குள் தலையை நீட்டினார். டாஷ்போர்டில் வட்டமாக ஓர் ஓட்டை. அதற்குள்ளிருந்து ஒரு செம்புக் குழாய் நீட்டிக்கொண்டு ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. "நேத்து எவனோ நம்ம ஆயில் மீட்டரக் களவாண்டு, கொழாயில பென்சிலச் செதுக்கி அடச்சு வச்சுட்டுப் போயிட்டான் முதலாளி. பாதி வழியில அது பிச்சுக்கிட்டு அடிச்சுது பாருங்க" என்று மலையாண்டி பென்சில் துண்டை முதலாளியிடமே நீட்டினார். நாகலிங்கத்தின் காதில் அன்று பென்சில் இல்லை.

போலீஸில் சொல்லலாம், பிறகு பார்க்கலாம் என்று நாகலிங்கம் மழுப்பினார். அதற்குள் மலையாண்டி கையைத் துடைத்துக்கொண்டு காரை வேடிக்கை பார்க்கப் போய்விட்டார். படிக்கத் தெரியாத மனுஷர். முள் எதற்குக் கீழே இறங்கினால் ஆபத்து என்று தெரிந்துகொள்ளப் பெயிண்ட் வைத்தவர் அவர்தான். அவர் முகம் மலர்ந்ததைச் சொல்லவே முடியாது. விரலை வைத்துக் காட்டிக் கத்தினார். "முதலாளி, கெடச்சுருச்சு! இது நம்ம மீட்டரு! இந்தா, நான் வச்ச புள்ளி!"

காண்ட்ராக்ட் போன பிறகு

துரைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஓட்டையும் புள்ளியும் எந்தப் பாஷையிலும் ஒன்றுதான். "ரேஸ் மார்க்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, அடுத்து வந்த கொசு பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போனார். காண்ட்ராக்ட் வேறொருவருக்குப் போனது. அதோடு விட்டாரா என்றால் இல்லை. தாமதமாக வந்ததற்காகப் புல்லில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அரை நாள் கூலியை வெட்டினார். அந்த நியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மறுநாள் நாகலிங்கம் பட்டறைக்கு வந்தார். இப்போதாவது மீட்டரைக் கழற்றி லாரியில் போடச் சொல்வார் என்று ஸ்பேனரை எடுத்தேன். அவர் பதறிப்போய் டாஷ்போர்டை மறைத்துக்கொண்டு நின்றார். "இத ஏன்யா தொடுறே? லாரிக்கு அந்தப் பழைய மஞ்சள மாட்டு. அதுல கூலி ஆளுங்கதானே போறாங்க, மூஞ்சிய யாரு பாக்கறா?"

அந்தக் காரில் ஒரே முகத்தோடு வரிசையாக இருந்த ஐந்து மீட்டர்களில், லாரியில் இருந்து திருடி வந்த அந்த ஒன்று மட்டும்தான் உண்மை பேசியது, காண்ட்ராக்ட் போனதும் அதனால்தான்.