வெள்ளை எலியின் முதுகில் ஒரு கறுப்புத் திட்டு

கோயில் கூடத்தில் விளக்குப் பூஜைக்காக நாலைந்து பேர் உட்கார்ந்து திரி திரித்துக்கொண்டிருந்தோம். எங்கள் கட்டடத்துச் சாரதா செருப்பைக்கூடக் கழற்றாமல் படிக்கு வெளியே நின்று, "எலி மாமி போயிட்டா. தூக்கத்துலேயே போயிட்டாளாம். செம்பூர்லேர்ந்து போன் வந்தது" என்றாள். என் கையிலிருந்த பஞ்சு தன்பாட்டுக்குத் திரிந்து நீண்டுகொண்டே போயிற்று. மடியில் சுருண்டு கிடந்த அந்த நீளத்தைப் பார்த்த பிறகுதான் அழுகை வந்தது.

எலி மாமி என்பது நம் மாதுங்கா கட்டடத்துக் குழந்தைகள் வைத்த பெயர். டாக்டர் விசாலம் என்பது கதவுப் பலகையில் மட்டும்தான் இருந்தது. பாலக்காட்டிலிருந்து படிக்க வந்தவர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். பரேலில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளோடு வேலை. தலைவலி, ஜலதோஷம் என்று நாம் யார் போய் நின்றாலும், "நான் அந்த டாக்டர் இல்லேம்மா. எலிக்குத்தான் பார்ப்பேன். அதுவும் பாதி நாள் சரியா வராது" என்று சிரிப்பார்.

எனக்கு அவர் நெருக்கமானது என் பெண் ஜயாவால். அப்போது அவளுக்கு ஆறு வயது. ஸ்டவ் சீறிப் பாவாடையில் பற்றிக்கொண்டது. முதுகிலும் தோளிலும் தோல் என்று ஒன்றுமே மிஞ்சவில்லை. புண்ணை மூடாவிட்டால் குழந்தை பிழைக்காது, அவள் காலிலிருந்தே தோல் எடுத்து வைக்க இப்போது அவளுக்குத் தெம்பு இல்லை, வேறு யாராவது கொடுத்தால் கொஞ்ச நாள் மூடி வைக்கலாம் என்றார் ஆஸ்பத்திரி சர்ஜன். நான் தருகிறேன் என்றேன். ஆத்தில் அதற்குள் விவாதம் கிளம்பிவிட்டது.

"குழந்தை எங்காத்து ரத்தம். அப்பன் தோல்தான் ஒட்டும்" என்றார் என் மாமியார். உடனே ஜோசியரைக் கூப்பிட்டு, ஜாதகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கல்யாணத்துக்குப் பார்ப்பது போலவே பார்த்தார்கள். அப்பாவுக்கு எட்டுப் பொருத்தம், எனக்கு ரஜ்ஜு தட்டுகிறது என்றார் ஜோசியர். நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். வேலையிலிருந்து ஏறி வந்த விசாலம் விஷயத்தைக் கேட்டார். கேலி செய்வார் என்று நினைத்தேன். பையை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாங்களும் பொருத்தம்தான் தேடறோம், கமலம். ஜாதகம் எங்கே எழுதியிருக்குன்னு எங்களுக்கு இன்னும் பிடிபடலை. ஆனா ஒண்ணு சொல்றேன். உன் தோலும் நிக்காது, அவர் தோலும் நிக்காது, அந்த ஜோசியர் தோலும் நிக்காது. ஒரே கருவிலேர்ந்து வந்த இரட்டையா இருந்தாத்தான் நிக்கும். கொஞ்ச நாள் மூடியிருக்கும், அவ்வளவுதான். அதுக்கு நீ போதும். போய்க் குடு."

கொடுத்தேன். என் தொடையிலிருந்து எடுத்து அவள் முதுகில் வைத்தார்கள். கட்டைப் பிரித்தபோது அது இளஞ்சிவப்பாக உயிரோடு இருந்தது. எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை எழுதத் தெரியவில்லை. நிற்காது என்று அவர் சொன்னது காதில் விழுந்திருந்தது, மனசில் ஏறவில்லை. என் வயிற்றிலிருந்து வந்தவள் என் தோலை வேண்டாம் என்பாளா? அது நிற்க வேண்டும் என்று அம்பாளுக்கு விரதம் இருந்தேன். கண்ணயர்ந்தால், என் தோல் விளிம்பில் தளிர் விட்டுக் குழந்தையைச் சுற்றிப் படர்கிற மாதிரி கனவு வரும்.

சில வாரங்களில் அது கறுத்தது. ஓரம் சுருண்டது. நர்ஸ் கட்டைப் பிரித்தபோது துணியோடு வந்துவிட்டது. நான் வராந்தாவுக்கு ஓடி வந்து சுவரில் சாய்ந்துகொண்டேன். தாராவியிலிருந்து வேலைக்கு வரும் ஆயா செல்லம்மா பின்னாலேயே வந்தாள்.

"என்ன தாயி, இப்பிடி அழுதிய? புள்ள காலையில கஞ்சி கேட்டுச்சுல்லா. உப்பு இல்லன்னு என் மூஞ்சிலயே துப்பிட்டா, வாயாடி!"

சாயங்காலம் விசாலம் வந்தார். "அவளுக்கு நான் வேண்டாமாம், டாக்டர்" என்றேன். அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அசடே! அது ஒட்டிண்டே இருந்ததேன்னுதான் நான் பயந்துண்டிருந்தேன். அவ உடம்புல அன்னியத்தைத் தள்ளற சக்தியே செத்துக் கிடந்தது. அதான் உன் தோல் அத்தனை நாள் நின்னுது. இன்னிக்குத் தள்ளிடுத்து. தள்ளறதுக்குத் தெம்பு வந்துடுத்து, கமலம். உன் தோல் காவல் இருந்துட்டு எழுந்து போயிருக்கு. இனிமே அவ கால்லேர்ந்தே எடுத்து வைப்பா. அது நிக்கும்."

அப்படியே நடந்தது. ஜயா பிழைத்தாள்.

பிறகு ஒருநாள் பரேலுக்கு என்னை அழைத்துப் போனார். ஒரே அச்சில் வார்த்தது போல வெள்ளை எலிகள். தலைமுறை தலைமுறையாகக் கூடப்பிறந்தவற்றையே சேர்த்து வளர்த்தவை என்றார். "சிவ சிவா! கோத்திரம்கூடப் பார்க்கலையா?" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கூண்டுகளில் இருந்தவையெல்லாம் ஓடி ஒளிந்தன. அப்புறம் தனிக் கூண்டு ஒன்றைக் காட்டினார். அதில் ஒரு வெள்ளை எலி, முதுகில் மட்டும் கறுகறுவென்று வேறொரு எலியின் தோல். அதில் பளபளவென்று ரோமம் வளர்ந்திருந்தது. விடிகிற வானத்தில் மிச்சமிருக்கும் துளி இருட்டு மாதிரி அந்தத் திட்டு. எலி அசையாமல் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது.

"பிறந்த கையோட கறுப்பு ஜாதி எலியோட செல்களை இதுக்குள்ள விட்டோம். அன்னியம்னே இதுக்குத் தோணலை. உடம்புக்குள்ள அன்னியத்தோட சண்டை போடறவாளே இல்லாம போயிட்டான்னு எல்லாரும் சொல்றா. எனக்கு அப்படித் தோணலை. சண்டை போடறவா இருக்கா. யாரோ அவாளைக் கையைப் பிடிச்சு உட்கார வெச்சிருக்கா. அதுவும் செல்தான். இல்லேன்னா நீ எப்படி ஜயாவைச் சுமந்தே? பாதி அவ அப்பாதானே? உன் உடம்புக்கு அன்னியம்தானே? ஏன் தள்ளலை?"

"யார் அந்த செல்?"

"தெரியலை. ஆனா இருக்கணும்."

ஆராய்ச்சிக்கூடத்தில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவரும் சிரித்தார். அம்பாளைப் பற்றி யார் கேட்டாலும் நான் சொல்கிற பதிலும் அதே 'தெரியலை, ஆனா இருக்கணும்'தான் என்பது எனக்குத் திரும்பி வரும்போது ரயிலில் தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை.

கடைசியாகச் செம்பூரில், அவர் தங்கை வீட்டில் பார்த்தேன். ஜன்னலோரக் கட்டிலில் மெலிந்து கிடந்தார். வெளியே மரத்தின் நிழல் போர்வைமேல் அசைந்துகொண்டிருந்தது. அந்த செல்லைக் கண்டுபிடித்தாயிற்றா என்று கேட்டேன். "இல்லை. வேற யாராவது பார்ப்பா. எனக்கு அவசரமில்லை" என்று கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நான் எழுந்தபோது, மூடிய கண்ணோடு, "இருக்கா, கமலம்" என்றார்.

அவரிடமிருந்து எனக்கென்று என்ன தங்கியது என்று யோசிக்கிறேன். எலி சாஸ்திரம் தங்கவில்லை. ஜயாவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. எண்ணெய் தேய்க்கப் போனால், "நானே தேச்சுப்பேன், நீ போம்மா" என்று என் கையைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். எண்ணெய்க் கையோடு வெளியே நிற்கிறேன். கோபம் பாதி எழுந்து வருகிறது. பிறகு, வந்த வழியே போய் உட்கார்ந்துகொள்கிறது. அதை உட்கார வைப்பது யார் என்று எனக்குத் தெரியாது. விசாலத்துக்கும் தெரியாது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. ஜயா பாடிக்கொண்டே குளிக்கிறாள்.