ஆறு மணி வரை கடல் மேல்

தி.நகர் ஜவுளிக்கடை லிஃப்ட், கதவு திறக்கும் முன் ‘டிங்’ என்று ஒரு சொட்டு ஒலிக்கும். கண்ணாடித் தம்ளரில் கரண்டி பட்டது போல. சுற்றிலும் பட்டுப்புடவைப் பைகள், மல்லிகை, வியர்வை. எல்லோரும் கதவைப் பார்க்க, நான் மட்டும் அண்ணாந்து, எந்த இருக்கையின் மேல் விளக்கு எரிகிறது என்று தேடுகிறேன். விமானப் பணிப்பெண் வேலையை விட்டு எத்தனையோ வருடமாயிற்று. காது இன்னும் விடவில்லை. அந்த ஒலி கேட்டால் கால் தரையை விட்டு லேசாகக் கிளம்பிவிடுகிறது, பதினான்காம் வரிசையில் ஒருவர் என்னைக் கூப்பிடுகிறார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் பம்பாயிலிருந்து மெட்ராஸ் போகிற விமானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகக் கிளம்பியது. பதினான்காம் வரிசையில் வயதான ஒரு மாமா, பக்கத்தில் முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர். இருவரும் ஒரே டிக்கெட்டில் வந்தவர்கள், ஆனால் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இளையவர் சாப்பாட்டைத் தொடாமல் ஜன்னலுக்கு வெளியே மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனசுக்குள் மாமா என்றேனே தவிர, வாயால் சார் என்றுதான் அழைத்தேன். பயிற்சிக் காலத்தில் என் தேங்காயெண்ணெய் வாசனைக்குச் சிரித்தவர்கள் உண்டு. அன்றிலிருந்து மயிலாப்பூரை என்மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

டிங். “எத்தனை மணிக்கு எறங்கும், கொழந்தே?”

“நாலு நாற்பது, சார்.”

டிங். தண்ணீர் கேட்டார், குடிக்கவில்லை. கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி டிங். பக்கத்துக்காரர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, நாலாக மடித்த தாளை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். அவர் விரல்கள் சில்லென்றிருந்தன. “கேப்டன்கிட்ட குடுத்துடு. இவருக்குத் தெரிய வேண்டாம்.”

திரைக்குப் பின்னால் நின்று படித்தேன். ஆபீஸ் கடிதம் எழுதிப் பழகிய கையின் ஆங்கிலம். மதிப்பிற்குரிய கேப்டன் அவர்களே, ஆறு மணிக்கு முன் விமானத்தைத் தரையிறக்க வேண்டாம். அதுவரை கடல் மேல் சுற்றிக்கொண்டிருக்கவும். என் பக்கத்தில் இருப்பவர் அறியக் கூடாது. ஒரு குடும்பத்தின் உயிர் தங்கள் கையில் இருக்கிறது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஞாயிறு, நாலரை முதல் ஆறு, ராகுகாலம். மயிலாப்பூரில் வளர்ந்தவளுக்கு அது எலும்பிலேயே ஊறிய கணக்கு. ஆனாலும் தாளை மட்டும் நீட்டிவிட்டு நின்றேன். கேப்டன் வடக்கே பிறந்தவர். படித்தார். முகம் வெளுத்தது. விமானத்தைக் கடத்துகிறார்கள் என்று செய்தி வந்துகொண்டிருந்த காலம் அது. “பக்கத்தில் இருப்பது யார்?” என்று கேட்டார். இளைஞர், சாப்பிடவில்லை, பேசவில்லை என்றேன். சொன்னதெல்லாம் உண்மை. ராகுகாலம் என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். இந்தச் சீருடையில், இந்த உதட்டுச் சாயத்தோடு அதை எப்படிச் சொல்வது?

கடத்தல் என்று வாய்விட்டுச் சொல்லாமலே தரைக்குத் தெரிவிக்க நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. அதை அவர் கருவியில் திருப்பிவைத்த பிறகுதான் ராகுகாலத்தைச் சொல்ல எனக்கு வாய் திறந்தது. கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். “நான் நம்புகிறேன். கீழே நம்ப மாட்டார்கள். கழுத்தில் கத்தி இருந்தாலும் எல்லாம் சரிதான் என்றுதானே நான் சொல்வேன்?”

அதற்குள் ஊர் வந்துவிட்டது. அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் வெயில் தகடு தகடாக மிதந்தது. எலியட்ஸ் கடற்கரையில் மனிதர்கள் எள்ளாய்ச் சிதறிக் கிடந்தார்கள். மயிலாப்பூர்க் குளம் யாரோ தவறவிட்ட கைக்கண்ணாடி போல ஒரு கணம் மின்னி அணைந்தது. சொன்னபடி நாலு நாற்பதுக்கு இறங்கினோம். ஓடுதளத்தின் கோடியில், புல்வெளி ஓரமாக நிறுத்திவைத்தார்கள். தூரத்தில் துப்பாக்கிகளோடு காக்கிக் கோடு. கதவு திறக்கவில்லை. ஏசி நின்றது. நேரமும் நின்றுவிட்டதாகத் தோன்றியது.

கேப்டன் ஒலிபெருக்கியில் விஷயத்தைச் சொல்லச் சொல்ல மாமா இருக்கையில் குறுகிக்கொண்டே போனார். இளையவர் எழுந்தே விட்டார். “இதுக்குத்தான் நான் வரமாட்டேன்னேன். கல்யாணத்தன்னிக்கும் இதே ராகுகாலம்னு எங்கம்மாவ வாசல்ல நிக்க வெச்சேள். ரெண்டு வருஷமாச்சு. இன்னும் திருந்தலையா?”

“என் பொண்ணு ரெண்டு வருஷமா ஆத்துல ஜன்னலோரம் ஒக்காந்துண்டிருக்கா, மாப்பிள்ளே” என்றார் மாமா. “உங்களைத் திரும்ப அழைச்சுண்டு வரேன். இந்த ஊர்ல நீங்க வெக்கற மொதல் அடி நல்ல நேரத்துல இருக்கட்டும்னு நெனச்சேன். சொன்னா சிரிப்பேள். இல்லேன்னா கோச்சுண்டு பம்பாய்க்கே திரும்பிடுவேள்.”  அவர் சட்டை முழுவதும் நனைந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. நான் தண்ணீர் கொண்டுவருவதற்குள், மாப்பிள்ளை முன் இருக்கைப் பையிலிருந்த பாதுகாப்பு அட்டையை எடுத்து அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்க்காமல், கோபம் குறையாமல், கை ஓயாமல். அந்த அட்டையின் காற்றில் ஒரு பெண்ணின் வாழ்க்கை அப்படியும் இப்படியும் ஆடுவதை, தம்ளரும் கையுமாகப் பார்த்தபடி நின்றேன்.

ஆறு ஐந்துக்குக் கதவைத் திறந்தார்கள். ஏணியைத் தள்ளிவந்தவர் எட்டிப் பார்த்தார். “இன்னா மேடம், எவனோ கத்தி வச்சிக்கினு கீறான்னாங்கோ?”

“கத்தி இல்லப்பா, பஞ்சாங்கம்” என்றார் மாப்பிள்ளை.

ஜீப் மாமாவுக்காக மட்டும் நின்றது. விசாரணை, எழுதி வாங்குவது, எவ்வளவு நேரமோ. மற்றவர்கள் பேருந்தில் ஏறலாம் என்றார் அதிகாரி. மாப்பிள்ளை நினைத்திருந்தால் அந்தப் பேருந்தில் போய் அடுத்த பம்பாய் விமானத்தைப் பிடித்திருக்கலாம். ஒரு நிமிடம் நின்றார்.  பிறகு ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தார். “நானும் வரேன். அவர் என் மாமனார்.”

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ஏணியில் இறங்கி ஓடினேன். “மாமா, சீட்டைப் படிச்சப்பவே எனக்குப் புரிஞ்சுடுத்து. நானும் மயிலாப்பூர்தான். சொல்ல வெக்கப்பட்டுண்டு நின்னுட்டேன். அப்பவே சொல்லியிருந்தா உங்களுக்கு இதெல்லாம் வந்திருக்காது.”

லிஃப்ட் கதவு திறந்து மூடுகிறது. யாரோ என் முழங்கையைத் தொட்டு, இறங்கலையா என்கிறார்கள். அன்று அந்த இருவரும் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார்கள், ஜன்னலோரம் இருந்தவள் எழுந்து வந்தாளா, எதுவும் எனக்குத் தெரியாது. ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பின்னால் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார், அப்புறம் என்னை.

“நல்லவேளை சொல்லாம இருந்தே, கொழந்தே. சொல்லியிருந்தா நாலே முக்காலுக்கே எறக்கி விட்டிருப்பாளே.”