தானாகப் பேசாத பெட்டி

ரோகினி எதைப் பார்த்தாலும் அது எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்றுதான் முதலில் யோசிப்பாள். கல்யாண வீட்டுக் கேசரியைக்கூட மாவுப் பண்டமா, இனிப்பா என்று தீர்மானிக்காமல் அவளுக்குத் தொண்டையில் இறங்காது என்பார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஒருவரை 'முழுதாகத் தயாராகாத பொருள்' என்று வகைப்படுத்தித் திருப்பி அனுப்பியதாகவும் சிரம்பானில் ஒரு பேச்சு உண்டு. இன்றுவரை அவள் அதை மறுத்ததில்லை.

பிறந்தது ஸ்ரீ மங்கீஸ் எஸ்டேட்டில். அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டினார், அம்மா உதிர்ந்த பழம் பொறுக்கினார். இப்போது பாரோயில் வீடு, ராசாவில் லியாக்கத் அலியின் ஃபார்வர்டிங் கம்பெனியில் வேலை. வெளிநாட்டுச் சாமான் வந்து இறங்கினால் அது இன்ன பொருள், இந்த எண்ணில் அடங்கும், இவ்வளவு வரி என்று கஸ்டம்ஸுக்குச் சொல்பவள் அவள்தான். அதற்காகப் பரீட்சை எழுதி வாங்கிய அட்டை கழுத்தில் தொங்கும். பொய் சொன்னாள் என்று ஆகிவிட்டால் அந்த அட்டை போய்விடும். அட்டை போனால் வேலையும் போய்விடும்.

அப்படிப்பட்டவளிடம் அவள் பிறந்த எஸ்டேட்டுக்கே ஒரு சரக்கு வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டிகள். குலை வெட்டுகிறவர் இடுப்பில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு குலைக்கும் பொத்தானை அமுக்கினால், எத்தனை குலை, எந்த நேரம் என்பதைப் பெட்டி உள்ளே சேர்த்து வைக்கும். சாயங்காலம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வயரைச் செருகினால் எல்லாம் திரையில் வரும். தகவலைச் சேமிக்கும் சாதனம் என்று ரோகினி எழுதிக் கொடுத்தாள்.

கஸ்டம்ஸ் அதிகாரி நோரைனி, எல்லாரும் மரியாதையாகப் புவான் என்று அழைப்பவர், அதை ஒப்புக்கொள்ளவில்லை. பொறுமையான மனுஷிதான். ஆனால் விற்றவன் அனுப்பிய படப் புத்தகத்தின் அட்டையில் 'டிராக்கர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தானாகச் சிக்னல் அனுப்பும் கருவி என்றால் தலைப்பே வேறு, முன்கூட்டியே பெர்மிட்டும் வாங்கியிருக்க வேண்டும். முதலில் வந்த மாதிரிப் பெட்டியை வெள்ளிக்கிழமை கொண்டுவந்து இயக்கிக் காட்டுங்கள், இல்லையென்றால் பொய் டிக்ளரேஷன் என்று எழுத வேண்டியிருக்கும் என்று மலாயில் மெதுவாகச் சொன்னார்.

காட்டலாம்தான். மாதிரி கையில் இருந்தால்.

அதை அவள் எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வீரமுத்துவிடம் கொடுத்திருந்தாள். புது அரிவாளோ புது லாரியோ, முனியாண்டி சாமி பார்க்காமல் அந்த எஸ்டேட்டில் யாரும் தொடமாட்டார்கள். இந்தப் பெட்டியையும் சாமிகிட்டக் காட்டாம இடுப்புல மாட்ட மாட்டோம் என்று ஆட்கள் சொல்லிவிட்டார்களாம். கஸ்டம்ஸ் மாதிரியைக் கைமாற்றிக் கொடுக்கக்கூடாது என்று ரோகினிக்குத் தெரியும். ஆனால் அதே முனியாண்டிக்குச் சுருட்டு வைத்துவிட்டுப் பரீட்சைக்குப் போனவள் எந்த வாயால் மறுப்பாள்?

வியாழக்கிழமை காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு போனாள். வீரமுத்து தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"வச்ச எடத்துல இல்லம்மா. படையல்ல வாழைப்பழத்துக்குப் பக்கத்துலதான் வச்சேன். பழமும் காணோம், பெட்டியும் காணோம்."

"சாமி எடுத்துட்டுப் போயிடுச்சா மாமா?"

"சாமிக்கு வால் இருக்காதுலா," என்று மரத்து மேலே கை காட்டினார்.

மேலே ஒரு குரங்குக் கூட்டம், அவர்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

அன்று சாமி இருந்த பிளாக்கில் ஒரு குலைகூட விழவில்லை. ஏணி, துரட்டி, டார்ச் லைட் என்று எஸ்டேட்டே அண்ணாந்து திரிந்தது. கழுத்து பிடித்துக்கொண்டவர்கள் மறுவாரம் முழுவதும் வானத்தைப் பார்த்தே கோப்பி குடித்ததாகக் கேள்வி. லியாக்கத் அலி வேறு மணிக்கொரு தரம் போன் செய்து, கெடச்சுதாம்மா என்று கேட்டார். மத்தியானத்துக்குமேல், ஒரு மட்டையின் இடுக்கில், பழத்தோலுக்கு அடியில் பெட்டி அகப்பட்டது. ஒரு மூலையில் பல் பதிந்திருந்தது. மேலெல்லாம் குங்குமம். உயிர் இருக்கிறதா என்று பார்க்க ரோகினிக்குத் தைரியம் வரவில்லை. எஸ்டேட் லேப்டாப்பையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் மேசைமேல் வைத்ததும் புவான் நோரைனி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தச் சிவப்பு என்ன, இந்தப் பல் யாருடையது என்று கேட்டார். வேறு கதை சொல்லலாமா என்று ரோகினிக்கு ஒரு நொடி தோன்றியது. பொய் டிக்ளரேஷன் என்ற வார்த்தை காதில் இன்னும் இருந்ததால், முனியாண்டி முதல் குரங்குவரை ஒன்றுவிடாமல் சொன்னாள். கேட்டு முடித்த அதிகாரி பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். போட்டுக் காட்டுங்கள் என்றார்.

லேப்டாப்பைத் திறந்தாள். திரை காலியாக இருந்தது. வயரைச் செருகினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வரிசை வரிசையாக எண்கள் வர ஆரம்பித்தன, நிற்கவே இல்லை. பழம் கிடைக்கும் என்று நினைத்து அந்தக் குரங்கு பொத்தானை அமுக்கித் தள்ளியிருந்தது. கணக்கின்படி அது தனி ஆளாக எஸ்டேட்டின் பாதியை வெட்டிச் சாய்த்திருந்தது.

புவான் நோரைனி கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்வளவும் நடந்தது ஆபீஸுக்குத் தெரியாதா?"

"வயர் போடுற வரைக்கும் தெரியாது புவான்."

"எங்கே இருக்கிறேன் என்றும் அது சொல்லவில்லை."

"சொல்லியிருந்தா நாங்க ஏன் புவான் மரம் மரமா ஏறப்போறோம்?"

அதற்குமேல் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூடியைத் திறக்கச் சொல்லி, சிம் கார்டுக்கு இடமோ ஏரியலோ இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டார். சேமிக்கிறது, அனுப்புவதில்லை, நீங்கள் போட்ட எண்ணே சரி என்றார். அடுத்த முறை மாதிரியைச் சாமிக்குக் கொடுப்பதற்கு முன்னால் எனக்குக் கொடுங்கள் என்றும் சொன்னார்.

ரோகினி கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சீட்டில் சரிந்து உட்கார்ந்தாள். போன் அடித்தது. லியாக்கத் அலி.

"பாய், சரக்கை விட்டாச்சு. நம்ம எண்தான்."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு கேட்டது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணிகூட இறங்கலம்மா என்றார். தனக்கும் அப்படித்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பையிலிருந்த தேங்காய்ப்பால் சோற்றை, நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்தாள். ஆறிப்போயிருந்தது. இது எந்தத் தலைப்பில் வரும் என்று யோசிக்காமலேயே கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டு முடித்தாள்.