தம்பிமார் வீட்டில்

தமிழில் "தம்பிமார் வீட்டில்" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. இங்கிலீஷ்காரன் அப்படி விடமாட்டான். எத்தனை தம்பி, எத்தனை வீடு என்று கேட்பான். நம்முடைய 'இல்' சமர்த்தாகக் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். அவனுடைய 'இன்' முதலிலேயே வந்து நின்றுகொள்ளும். ஒரு தம்பி என்றால் 'பிரதர்ஸ்' கடைசியில் வருகிற எஸ்ஸுக்கு முன்னால், மேலே ஒரு சின்னக் கோடு. தம்பிகள் பலர் என்றால் அந்தக் கோடு எஸ்ஸுக்குப் பின்னால். ஆளுக்கொரு வீடு இருந்தால் வீட்டையும் பன்மையாக்க வேண்டும். இதைத்தான் நான் தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் பல வருஷமாகக் கற்றுக்கொடுக்கிறேன். எனக்குப் பொறுமை கிடையாது. கோடு இடம் மாறினால் சாக்பீஸை எறிந்துவிடுவேன். ஆள்மேல் இல்லை, சுவர்மேல்.

அக்கா ஒருவர் வகுப்பில் சேர்ந்தார். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது, எனக்கு முப்பத்தெட்டு. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். சுரண்டையில் கட்டிக் கொடுத்து, கணவர் இறந்ததும் கீழப்பாவூருக்குத் திரும்பி வந்து, இரண்டு தம்பிகளோடு பதினாறு வருஷமாக இருக்கிறார். தம்பிகளுக்குச் சேர்ந்து ஒரு ஹார்டுவேர் கடை, சேர்ந்து ஒரே வீடு. பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க இங்கிலீஷ் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தார். என்னிடம் வேறு சொன்னார்.

குற்றாலம் போகிற வழியில் ஒரு தனியார் பள்ளியின் பெண்கள் விடுதிக்கு வார்டன் தேடினார்கள். விடுதியில் பிள்ளைகளோடு இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்பது அங்கே சட்டம். வார்டனுக்குச் சாப்பாடும் தனி அறையும் உண்டு. நான்தான் அவர் பெயரைச் சொல்லி வைத்தேன். திங்கட்கிழமை நேரில் வரச் சொன்னார்கள்.

"தனி ரூம்னா, உள்ளுக்குள்ள தாழ்ப்பா இருக்குமா மிஸ்?" என்று ஒருநாள் கேட்டார்.

"தாழ்ப்பாள் இல்லாம ரூமாக்கா?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அது எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமைக்கு இரண்டு வாரம் முன்னால் வீட்டுப்பாடமாகப் பத்து வாக்கியம் கேட்டிருந்தேன். ஒவ்வொன்றிலும் இன், ஆன், டு ஏதாவது ஒன்று வர வேண்டும். அதன் பின்னால் பலருக்குச் சொந்தமான ஒரு பொருள் வர வேண்டும். மற்றவர்கள் நான் போர்டில் எழுதிய உதாரணத்தையே ஆளை மாற்றி எழுதிக்கொண்டு வந்தார்கள். அக்கா சொந்தமாக எழுதியிருந்தார்.

"ஐ லிவ் இன் மை பிரதர்ஸ் ஹவுஸ்." கோடு எஸ்ஸுக்குப் பின்னால், சரியாக. "ஐ ஸ்லீப் இன் மை பிரதர்ஸ் சில்ட்ரன்ஸ் ரூம்." "மை சாரீஸ் ஆர் இன் மை பிரதர்ஸ் வைவ்ஸ் பீரோ." "மை நேம் இஸ் ஆன் மை பிரதர்ஸ் ரேஷன் கார்டு." எட்டாவது வாக்கியத்தில் எனக்குப் புல்லரித்துவிட்டது. "இன் மே, மை பிரதர்ஸ் வைவ்ஸ் கோ டு தேர் பேரன்ட்ஸ் ஹவுசஸ். ஐ ஸ்டே." தம்பிமனைவிகள் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் தனித்தனித் தாய்வீடு, ஆகவே வீடும் பன்மை. பி.ஏ. படித்தவர்களே தவறவிடுகிற இடம். பத்துக்குப் பத்து போட்டேன்.

அந்த வாக்கியங்கள் என்ன சொல்கின்றன என்று நான் வாசிக்கவே இல்லை. கோடு எங்கே இருக்கிறது என்றுதான் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே நாலு அறை விட வேண்டும்போல் இருக்கிறது.

வாரத்தில் சிறந்த வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து வகுப்பு வாட்ஸப் குரூப்பில் போடுவது என் வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை அக்காவின் பக்கத்தைப் போட்டேன், இப்படி எழுதத் தெரிய வேண்டும் என்று ஒரு குத்தலும் சேர்த்து. ஆளாளுக்குக் கட்டைவிரல் போட்டார்கள். அக்கா மட்டும் ஒன்றும் போடவில்லை. மறுவாரம் மூன்று நாளாக வகுப்புக்கும் வரவில்லை. போன் செய்தேன். ஓர் ஆண் குரல் எடுத்தது.

"யாரு பேசுதது?"

சொன்னேன். "ஓ, நீங்கதான் அந்த டீச்சரா" என்றது குரல்.

எங்கள் பக்கம் பெண்கள் எந்தப் படிவத்தில் போன் நம்பர் எழுதினாலும் வீட்டு ஆம்பளை நம்பரைத்தான் எழுதுவார்கள். கையில் சொந்தமாகப் போன் இருக்கும், இருந்தாலும் எழுதுவது அவர் நம்பரை. கேஸ் புக்கிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரைக்கும் அப்படித்தான். என் மகன் பள்ளியில் நானே என் வீட்டுக்காரர் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன், இத்தனைக்கும் அவர் போனை எடுக்கவே மாட்டார். அக்காவும் பழக்கத்தில் பெரிய தம்பி நம்பரை எழுதியிருக்கிறார். நான் அதை அக்கா பெயரில் பதிந்து குரூப்பில் சேர்த்துவிட்டேன். வகுப்புக்கு லீவு விட்டாலும் நேரம் மாறினாலும் தம்பி பார்த்து அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமையும் அவர்தான் பார்த்திருக்கிறார்.

சனிக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்துக் கீழப்பாவூர் போனேன். சீசன் நேரம். எதிரே வந்த பஸ்ஸெல்லாம் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற கூட்டம். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்தேன், ஒன்றும் உருப்படியாக வரவில்லை. மன்னிப்புக் கேட்கலாம். கேட்டால், அக்கா எழுதியதெல்லாம் உண்மை என்று நானே ஒத்துக்கொண்டதாகும்.

வில்லன் மாதிரி ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துப் போனேன். அப்படி இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். பெரிய தம்பி எழுந்து நின்று, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எங்க மக ஒம்பதாவது படிக்கா டீச்சர். அவதான் ஒவ்வொரு வரியா வாசிச்சு அர்த்தம் சொன்னா. வீடே உக்காந்து கேட்டோம். ரேஷன் கார்டக்கூட தம்பி கார்டுன்னு எழுதியிருக்கா. பதினாறு வருசத்துல அக்காவுக்கு நாங்க என்ன கொற வச்சோம், நீங்களே சொல்லுங்க. ஊருல எத்தன பேரு அந்தக் குரூப்புல இருக்கான்."

"தப்பு என்னோடதுதான் அண்ணாச்சி" என்றேன்.

"அதத்தான் நானும் கேக்கேன். அக்கா சொல்லுதா, அதெல்லாம் நீங்க போர்டுல எழுதிப் போட்டதாம். இவ பாத்து எழுதுனாளாம். அர்த்தமே தெரியாதாம். நெசந்தானா டீச்சர்?"

அடுக்களை வாசலில் அக்கா நின்றார். கையில் எனக்குக் கொண்டுவந்த காபி டம்ளர். பின்னால் தம்பிமனைவிகள் இரண்டு பேரும். அக்கா என்னைக் கெஞ்சவில்லை, சாடை காட்டவில்லை. டம்ளரைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். 'இல்லை' என்று நான் சொல்லிவிட்டால் இந்த வீட்டில் இனி அவர் எப்படி ஒரு வாய் சோறு தின்பார்.

"ஆமா அண்ணாச்சி" என்றேன். "நான் எழுதிப் போட்ட வாக்கியம்தான். அப்படியே காப்பி அடிச்சிருக்காங்க. அவங்களா எழுதுற அளவுக்கு அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது."

அந்த வீடு மூச்சு விட்டதை நான் கேட்டேன். சின்னத் தம்பியின் மனைவி "நான் அப்பவே சொன்னேன்லா" என்றார். பெரிய தம்பி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அக்காவைப் பார்த்துச் சிரித்தார். உண்மையான பாசம்தான் அது, சத்தியமாகச் சொல்கிறேன்.

"ஏன்க்கா, இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி டீச்சர். இத்தன மாசம் படிச்சும் வரலன்னு நீங்களே சொல்லுதீங்க. பொறவு எதுக்கு அவ மெனக்கெட்டு பஸ் ஏறி அலையணும். போதும், வீட்டுல இருக்கட்டும்."

இல்லை, அவர்தான் என் வகுப்பிலேயே நன்றாக எழுதுகிறவர் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் அந்தப் பத்து வாக்கியமும் அவருடையதாகிவிடும். என் ஒருத்தி வாயாலேயே அவரைக் காப்பாற்றியும் ஆயிற்று, கெடுத்தும் ஆயிற்று. காபியைக் குடித்தேன். சீனி சரியாகப் போட்டிருந்தார்.

வாசல்வரை அக்கா வந்தார். சாரல் விழுந்துகொண்டிருந்தது. "நல்லவேள வந்தீங்க மிஸ்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. குனிந்து செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றேன்.

"திங்கக்கிழம எத்தன மணிக்கு வரச் சொன்னாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பத்து மணிக்கு அக்கா."

அவர் தெருவைப் பார்த்தார்.

"பத்து மணிக்கா. அந்நேரம் கடைக்குச் சோறு கட்டணும் மிஸ்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.