கொயினாப் போத்தலில் ஒரு வெட்டு

கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், கூட்டாளிமாரே. வாசிகசாலைப் பலகையில் நான் ஒட்டும் முதல் கடதாசி இது. இந்த மாரியில்தான் எழுதப் பழகினேன்.

ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியான என் மகளுக்கு நடுக்கக் காய்ச்சல். இன்று காலை ஆசுப்பத்திரி அப்போதிக்கரி கொயினா என்ற காய்ச்சல் மருந்து தந்தார். போத்தலில் ஒட்டிய தாளின் ஓரத்தை வெட்டி வெட்டி மருந்தின் அளவு குறித்திருந்தது: வேளைக்கு ஒரு வெட்டு.

"கூடினாப் பிள்ளைக்கு ஆபத்து, பெரியவர். குடுக்காம விட்டா ரெண்டு பேருக்கும் ஆபத்து."

வாசிப்பேன் என்றதும் தமிழில் எழுதியும் தந்தார்.

திரும்பும் தோணியில் அடுத்த வளவுப் பொன்னம்மா, "கருவக் கலைச்சிரும் அண்ண, ஆத்துல எறிங்க" என்றாள்.

வீட்டில் மனைவியோ, "ரெண்டு வெட்ட ஒண்டாக் குடுத்தாக் கெதியாச் சுகம் வரும்" என்றாள். ஊரில் எல்லோரும் அப்படித்தான் குடிப்போம்.

"பொறு கா" என்று எழுத்துக் கூட்டி வாசித்தேன்: "ஒரு வேளைக்கு ஒரு வெட்டு மட்டும்."

"கடதாசிக்கு என்ன தெரியும்?" என்றாள். ஆனாலும் ஒரு வெட்டுத்தான் ஊற்றினாள்.

மகள் குடித்துவிட்டாள். காது இரைகிறதாம். எனக்கு நெஞ்சு இரைகிறது.

போத்தல் முடிந்ததும், அடுத்த கிழமை, இரண்டு உயிரின் சுகத்தையும் எழுதுவேன். உங்கள் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிகள் கொயினா குடித்திருந்தால் கீழே எழுதி ஒட்டுங்கள். இப்போது நானே வாசிப்பேன்.