தண்ணீர் குடிக்காத மகள்

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து இலங்கையின் ஜெயபுரத்துக்குத் திரும்பிய சில மாதங்களில், என் பத்து வயது மகள் கயலுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரியில் சிறுநீரில் கிருமி என்றார்கள்.

“பிள்ளை பள்ளிக்கூடத்தில தண்ணி குடிக்கிறேல்லையோ, அம்மா?” என்று டாக்டர் கேட்டார்.

தினமும் போத்தலை நிரப்பித்தான் அனுப்பினேன். டாக்டர் போன பிறகு கயல் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

“வர்ற வழியில கொட்டிடுவேம்மா. குடிச்சா பாத்ரூம் போகணும்னு டீச்சர்கிட்ட கேக்கணும். நான் வாயத் திறந்தாலே ‘இந்தியாக்காரி’ன்னு எல்லாரும் சிரிக்கிறாங்க.”

வீட்டில் ஓயாமல் பேசுகிற பிள்ளை இவள்.

வகுப்பாசிரியையிடம் சொன்னேன். அவர் கலங்கிப்போனார்.

“அமைதியான பிள்ளை எண்டெல்லோ நினைச்சனான். இனி அவ கேட்கத் தேவையில்லை, எழும்பிப் போகட்டும்.”

இப்போது கயல் தண்ணீர் குடிக்கிறாள். வகுப்பில் மட்டும் இன்னும் பேசுவதில்லை.

போன கிழமை தலை வாரும்போது கேட்டாள்: “நாம எப்பம்மா ஊருக்குப் போவோம்?”

அவள் ஊர் என்றது முகாமை.

நான் பிறந்த மண்ணுக்குத் திரும்பி வந்தேன். முகாமில் பிறந்த அவள் எங்கேயும் திரும்பி வரவில்லை. அந்நியமான ஓர் இடத்துக்கு வந்திருக்கிறாள். சீப்பைப் பிடித்தபடி நின்ற அந்த நேரத்தில்தான் அது எனக்கு விளங்கியது.